'மட்டும்' என்ற ஒரு சொல்



வழக்கறிஞர் ஆவதற்கு என்ன வேண்டும் என்று நம் தோட்டப்புறத்தில் யாரைக் கேட்டாலும், "நல்லா வாய் வேணும்" என்றுதான் பதில் வரும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். என் சின்ன மகள் நாலு வயதிலேயே கச்சாங் பூத்தே விற்பவரிடம், ஒரு வெள்ளிக்குக் கொடுத்த பொட்டலம் நேற்றையதைவிடச் சிறியது என்று நடுத்தெருவில் நின்று வாதாடியவள். "இவ லாயராத்தான் போவா" என்று எங்கள் புந்தோங் தெருவே அன்றைக்கு முடிவு கட்டிவிட்டது.

போன ஆண்டு அவள் உண்மையாகவே அந்தப் படிப்புக்கு மனுப் போடத் தயாரானபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. சட்டம் படிக்கப் போகிறவர்களின் வாயை அந்தப் பரீட்சையில் யாரும் சோதிப்பதில்லை. கண்ணையும் காதையும்தான் சோதிக்கிறார்கள். எழுதியிருப்பது என்ன, எழுதாமல் விட்டது என்ன, ஒன்றிலிருந்து மற்றொன்று உண்மையாகவே பிறக்கிறதா, பிறப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும். தமிழில் இதற்குத் தருக்கம் என்று பெயர்.

என் மகள் அதைப் படித்தாள். முறுக்கு மாவு பிசைந்த கையோடு, பக்கத்தில் உட்கார்ந்து நானும் படித்தேன். படித்து முடித்தபோது, முப்பது ஆண்டுகளாக என் நெஞ்சில் தைத்துக் கிடந்த ஒரு முள்ளின் பெயர் எனக்குத் தெரிந்துபோனது. அதை உங்களிடம் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பரீட்சையைப் பற்றி நாலு வார்த்தை. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லண்டன் போன்ற இடங்களில் உள்ள சில பல்கலைக்கழகங்களில் சட்டம் படிக்க விரும்புகிறவர்கள் 'எல்நாட்' என்ற நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். 2004-ஆம் ஆண்டில் தொடங்கிய தேர்வு அது. மொத்தம் இரண்டேகால் மணி நேரம். முதல் பகுதியில் பன்னிரண்டு சிறு கட்டுரைகள் கொடுத்து, அவற்றின்மேல் 42 கேள்விகள் கேட்பார்கள். அதற்கு 95 நிமிடம். பிறகு 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை எழுதவேண்டும். இதில் அதிசயம் என்னவென்றால், இதை எழுதச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை! அமெரிக்கா, கனடாவில் 'எல்சாட்' என்று வேறொரு தேர்வு. அதிலும் தருக்கக் கேள்விகளுக்கே முதலிடம். இந்தியாவில் 2008 முதல் நடக்கும் 'கிளாட்' தேர்விலும் தருக்கத்துக்கு ஒரு பகுதி உண்டு.

"வெளிநாட்டுக்கு அனுப்ப உனக்கு ஏதம்மா பணம்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. உபகாரச் சம்பளம் கிடைத்தால் போவாள். கிடைக்காவிட்டால் மலாயாப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதற்கும் மனுப் போடத்தான் போகிறாள். வெளிநாட்டில் படித்து வந்தாலும், இங்கே வழக்காடப் பொதுவாக 'சி.எல்.பி.' என்ற இன்னொரு பரீட்சையைத் தாண்டவேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது பணத்தைப் பற்றியல்ல.

ஒரு நாள் மாலை, எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. மகள் புத்தகத்தை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"என்னடி?" என்றேன்.

"அம்மா, இதைக் கேளுங்க. 'பனி கொட்டினால் பள்ளிக்கூடம் மூடப்படும். இன்று பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது. ஆகவே இன்று பனி கொட்டியது.' இது சரியா, தப்பான்னு கேக்குறாங்க. சரி மாதிரிதான் இருக்கு. ஆனா விடை தப்புன்னு போட்டிருக்கு."

ஈப்போவில் பிறந்த பிள்ளைக்குப் பனி எங்கே கண்டது? நான் சற்று யோசித்துவிட்டு, "பனியை விடு. மழைன்னு வச்சுக்க. மழை பெஞ்சா பால்வெட்டு இல்ல. இன்னிக்குப் பால்வெட்டு இல்ல. அப்ப, இன்னிக்கு மழை பெஞ்சுதா?" என்றேன்.

மகள் வாய் திறப்பதற்குள், மூலையில் முக்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் அம்மா குரல் கொடுத்தார்.

"ஏன், தீபாவளிக்கும்தான் பால்வெட்டு இல்ல. பெரிய தொரை செத்தப்பவும்தான் இல்ல. அன்னிக்கெல்லாம் வெயிலு பொளந்து கட்டிச்சு!"

அடடா! பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் அம்மா, நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டிய என் அம்மா, அந்த ஆங்கிலப் புத்தகம் ஒரு பக்கம் எழுதி விளக்கியதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மழை பெய்தால் பட்டை நனைந்து, பால் வெட்டிய கோட்டில் ஓடாமல் மரம் முழுக்க வழியும். மங்கில் பாலுக்குப் பதில் தண்ணீர் நிறையும். ஆகவே வெட்டு இல்லை. இது உண்மை. ஆனால் வெட்டு இல்லாமல் போவதற்கு மழை ஒன்றுதானா காரணம்? முதலாவது இருந்தால் இரண்டாவது வரும் என்பதால், இரண்டாவது வந்துவிட்டது, ஆகவே முதலாவதும் இருந்தது என்று திருப்பிப் போடமுடியாது. இவ்வளவுதான் பாடம்!

அன்று முதல் எங்கள் வீட்டுச் சமையலறை தருக்கப் பள்ளிக்கூடமாகிவிட்டது. மகள் ஆங்கிலத்தில் படிப்பாள். நான் அதைத் தோட்டத்துக்குக் கொண்டு போவேன். அம்மா தீர்ப்புச் சொல்வார்.

"காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை" என்று நாம் சொல்வதில்லையா? ஒன்றன்பின் ஒன்று நடந்தால் முன்னது காரணம், பின்னது விளைவு என்று நினைத்துவிடும் பிழைக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. அந்தப் பரீட்சையில் இந்தக் காக்காய் அடிக்கடி வந்து உட்காருகிறது. 'டியூஷனுக்குப் போன பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள். ஆகவே டியூஷன்தான் அவர்களைத் தேறவைத்தது' என்று ஒரு வாதம் இருந்தால், உடனே நாம் கேட்கவேண்டும்: டியூஷனுக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டில் வேறு என்னென்ன வசதிகள் இருந்தன? படிக்க மேசை இருந்ததா? விளக்கு இருந்ததா? காலையில் பிரட்டுக்கு ஓடாத தாய் தகப்பன் இருந்தார்களா? வாதம் செய்கிறவர் வாய்விட்டுச் சொல்லாமல் மனத்துக்குள் வைத்துக்கொண்டிருக்கும் எண்ணத்தை இழுத்து வெளியே போடவேண்டும். அதுதான் கேள்விகளிலேயே கடினமானது என்கிறாள் மகள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று எண்ணிவிடாதீர்கள். நம்முடைய மணிமேகலைக் காப்பியத்தில் இருபத்தொன்பதாவது காதையின் பெரும்பகுதி இந்தப் பாடம்தான். காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லிக் கொடுக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து படிகள். பேரைக் கேட்டு மிரளவேண்டாம். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்று சொல்வது பக்கம். ஏனென்றால் புகை தெரிகிறது என்பது ஏது. அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதை எடுத்துக்காட்டுவது திட்டாந்தம். இந்த மலையும் அதுபோலப் புகை உடையது என்று பொருத்துவது உபநயம். ஆகவே இங்கே நெருப்பு உண்டு என்று முடிப்பது நிகமனம். அதோடு விட்டாரா? சரியான வாதம்போல வேடம் போட்டு வரும் போலிகளையும் வரிசைப்படுத்திச் சொல்கிறார். ஒரு பெண்பிள்ளைக்கு, வாழ்க்கையில் பலரும் பலவிதமாகச் சொல்லிக் குழப்பும்போது தானே ஆராய்ந்து தெளிவதற்காக, ஆசிரியர் கொடுத்த ஆயுதம் அது! பிற்காலத்தில் சிவஞான முனிவர் 'தருக்கசங்கிரகம்' என்ற வடமொழி நூலைத் தமிழில் தந்ததும் இந்த வழியில் வந்ததுதான்.

புகை என்றதும் என் அம்மாவுக்குத் தோட்டத்துப் புகைவீடு நினைவுக்கு வந்துவிட்டது. ரப்பர் ஷீட்டுகளைக் கழியில் தொங்கவிட்டு, விறகு மூட்டிப் புகையில் காயப்போடும் இடம். "பொகை இருந்தா நெருப்பு இருக்கும். ஆனா நெருப்பு இருந்தா பொகை இருக்கணும்னு இல்லியே! கிராணி வீட்டு இஸ்திரிப் பொட்டியில கரி செவசெவன்னு கெடக்கும். பொகை ஏது?" என்றார். பழைய தருக்க நூல்காரர்கள் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைச் சொன்னார்கள். என் அம்மா இஸ்திரிப் பெட்டியைச் சொன்னார். இரண்டும் ஒன்றே.

இப்படிச் சிரிப்பும் விளையாட்டுமாகப் போய்க்கொண்டிருந்த பாடம், ஒரு நாள் இரவு என்னை அழவைத்தது.

அன்று மகள் படித்தது இரண்டு வாக்கியங்கள். 'உறுப்பினர்கள் எல்லாருக்கும் பரிசு கிடைக்கும்.' 'உறுப்பினர்களுக்கு மட்டுமே பரிசு கிடைக்கும்.' இரண்டும் ஒன்றா?

"ஒண்ணு இல்ல அம்மா," என்று அவளே விளக்கினாள். "முதல் வாக்கியம் வாக்குறுதி. உறுப்பினரா இருந்தா பரிசு நிச்சயம். ரெண்டாவது வாக்குறுதி இல்ல, வேலி. உறுப்பினரா இல்லாதவனுக்குப் பரிசு கிடையாதுன்னுதான் அதுக்கு அர்த்தம். உறுப்பினரா இருக்கிற ஒருத்தனுக்குக்கூடப் பரிசு கொடுக்காம இருந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது. இதுலதான் நிறையப் பேர் விழுந்துடுறாங்களாம்."

என் கையில் இருந்த முறுக்கு அச்சு அப்படியே நின்றுவிட்டது.

வாசகர்களே, 1993-ஆம் ஆண்டு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். பேர் வேண்டாம். எனக்குப் பதினேழு வயது. எஸ்.பி.எம். எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் லயத்தில் அந்த வகுப்பு வரைக்கும் போன பெண்பிள்ளை நான் ஒருத்திதான். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், மரங்களை அழிக்கப்போகிறார்கள், வீடுகளைக் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்று மாதக்கணக்காகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாள் ஆபீஸ் சுவரில் ஒரு கடிதத்தை ஒட்டினார்கள். மலாயில் இருந்தது. வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

ஆயாக்கொட்டகை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. நாற்பது குடும்பம். பால் வாளியோடு அப்படியே வந்து நின்றவர்களும் உண்டு. நான் கடிதத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்த தாளைப் பிரித்து, ஒருமுறை மலாயில் வாசித்து, பிறகு தமிழில் சொன்னேன்: "டிசம்பர் முப்பத்தொண்ணுக்குள்ள வீட்டைக் காலி செய்யிறவங்களுக்கு மலிவு விலை வீடு கிடைக்கும்."

ஆனால் கடிதத்தில் அப்படி இல்லை! அதன் முதல் சொல் இன்றும் என் கண்முன் நிற்கிறது. 'ஹாஞா' என்று இருந்தது. 'ஹாஞா' என்றால் 'மட்டும்'. வாக்கியத்தின் முடிவில் 'லாயாக் மெமோஹோன்' என்று இருந்தது. அதாவது 'மனுச் செய்யத் தகுதி உண்டு'. அந்தத் தேதிக்குள் காலி செய்கிறவர்கள் மட்டுமே வீட்டுக்கு மனுச் செய்யத் தகுதி உடையவர்கள். அவ்வளவுதான். வீடு கிடைக்கும் என்று அந்தக் கடிதம் யாருக்கும் சொல்லவில்லை. எல்லாருக்கும் என்ற பொருள் தரும் 'செமுவா' என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. நான்தான் வேலியை வாக்குறுதி ஆக்கிவிட்டேன்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. கூட்டத்தின் பின்னால் இருந்து ஒரு தாத்தா கேட்டார். பழைய கங்காணி. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைக்கிறவர்.

"பாப்பா, காலி செஞ்சா எல்லாருக்கும் வீடுன்னு எழுதியிருக்கா? இல்ல, காலி செய்யலேன்னா வீடு இல்லேன்னு எழுதியிருக்கா?"

அந்த மாதிரிக் கேள்வியை இன்றைக்குப் பரீட்சையில் வைக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு அது கிழவரின் தொணதொணப்பாகத்தான் பட்டது. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்த பெருமை வேறு. "அதான் வாசிச்சேனே தாத்தா! ரெண்டும் ஒண்ணுதானே?" என்று வெடுக்கென்று சொன்னேன். கூட்டம் சிரித்தது. அப்பா, "படிச்ச பிள்ளை சொல்லுதில்ல?" என்றார். தாத்தா மறுபேச்சுப் பேசவில்லை.

டிசம்பர் முடிவதற்குள் லயம் காலியாகிவிட்டது. ஆட்டுக்கொட்டகையைப் பிரித்தார்கள். வாழைக்கன்றுகளை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். சொந்தக்காரர் வீட்டிலும் வாடகை அறையிலும் அண்டிக்கொண்டு, மனுச் செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு சிலருக்குத்தான் வீடு கிடைத்தது. மற்றவர்கள் போய்க் கேட்டபோது, "மனுச் செய்யலாம் என்றுதானே சொன்னோம்? கொடுப்பதாகச் சொன்னோமா?" என்று பதில் வந்தது. கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி. அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த 'ஹாஞா' என் கண்ணில் பட்டது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, பிள்ளை இல்லாதவர், புந்தோங்கில் ஒரு தகரக் கொட்டகை அறையில் வாடகைக்கு இருந்து அங்கேயே கண்ணை மூடினார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நீ என்னா கண்ணு செய்வ? இருந்ததைத்தானே வாசிச்ச" என்பார். ஐயோ, இருந்ததை நான் வாசிக்கவில்லையே! அதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை. கட்டிய கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

அன்று இரவு மகளிடமும் அம்மாவிடமும் சொன்னேன். எண்ணெய் ஆறிப்போனது. அம்மா வெகுநேரம் பேசவில்லை. மகள்தான் பேசினாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்வேன், கோவிச்சுக்கக் கூடாது. நீங்க தப்பா வாசிச்சீங்க. அப்புறம் அவங்களுக்கு வீடு கிடைக்கல. அதனால நீங்க வாசிச்சதுதான் காரணம்னு இத்தனை வருஷமா நினைக்கிறீங்க. இது காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இல்லையா? நீங்க சரியா வாசிச்சிருந்தா வீடு கிடைச்சிருக்கும்னு எப்படிச் சொல்ல முடியும்? காலி செய்யாம இருந்திருந்தா மனுச் செய்யிற தகுதியும் போயிருக்குமே?"

என் மகள் எனக்கு வழக்கறிஞராக நின்ற முதல் வழக்கு அது.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. என் நெஞ்சில் பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிட்டது. ஆனால் மறுபாதி இறங்கவில்லை, இறங்கவும் கூடாது. ஏனென்றால், நான் சரியாக வாசித்திருந்தால் வீடு கிடைத்திருக்கும் என்று சொல்லமுடியாதுதான். ஆனால் கேள்வி பிறந்திருக்கும். "எத்தனை வீடு இருக்கிறது? எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கிடைக்காதவர்களுக்கு என்ன வழி? அதை எழுதித் தாருங்கள்" என்று நாற்பது குடும்பமும் ஒன்றாக நின்று கேட்டிருக்கலாம். தொழிற்சங்கத்துக்குப் போயிருக்கலாம். ஈப்போவில் ஒரு வழக்கறிஞரிடம் கடிதத்தைக் காட்டியிருக்கலாம். அந்த வாய்ப்பை நான் 'ரெண்டும் ஒண்ணுதானே' என்ற ஒரு சொல்லால் அடைத்துவிட்டேன்.

அம்மா கடைசியில் சொன்னது இதுதான்: "அந்தக் கெழவன் கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. நானும்தான் சிரிச்சேன்."

ஒரு சொல்லுக்கு இவ்வளவு பலமா என்று நீங்கள் வியக்கலாம். நம் ஈப்போவில் பிறந்த ஒரு வழக்கையே பாருங்கள். பாலர்பள்ளி ஆசிரியையான இந்திரா காந்தியின் வழக்கு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2009-இல் அவருடைய கணவர், தாயின் சம்மதம் இல்லாமல் மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றியதில் தொடங்கிய வழக்கு. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் மதத்தைப் பெற்றவரோ காப்பாளரோ முடிவு செய்யலாம் என்று அரசியலமைப்பின் பன்னிரண்டாம் பிரிவு சொல்கிறது. ஆங்கில வாசகத்தில் 'பெற்றவர்' என்ற சொல் ஒருமையில் இருக்கிறது. ஒருமையில் இருப்பதால் தாய் தந்தையரில் ஒருவர் முடிவு செய்தாலே போதும் என்பது ஒரு வாதம். அதே அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையில், ஒருமைச் சொல் பன்மையையும் குறிக்கும் என்று விதி இருக்கிறதே, ஆகவே இருவர் சம்மதமும் வேண்டும் என்பது எதிர்வாதம். 2013-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. கடைசியில் 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, இருவர் சம்மதமும் தேவை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்தத் தாய்க்காக வாதாடியவர்களில் ஒருவர் ஈப்போ வழக்கறிஞர் மு. குலசேகரன்.

வழக்கில் வேறு பல சட்டப் பிரச்சினைகளும் இருந்தன. ஆனால் நடுவில் நின்றது அந்த ஒற்றைச் சொல். தீர்ப்பு வந்த பிறகும் அந்தத் தாய் தம் இளைய மகளைக் காணாமல் பல ஆண்டுகள் தவித்தார் என்பதையும் மறக்கக் கூடாது. தருக்கத்தில் வெல்வது ஒன்று, வாழ்க்கையில் கைக்குக் கிடைப்பது வேறொன்று. ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவதைக் கேட்கக்கூட முடியாதே!

ஈப்போவுக்கு இது புதிதும் அல்ல. டி.ஆர். சீனிவாசகம், எஸ்.பி. சீனிவாசகம் என்ற வழக்கறிஞர் சகோதரர்கள் வாழ்ந்த ஊர் இது. ஏழைகளுக்காக வாதாடியவர்கள் என்று இனபேதம் இல்லாமல் பெயர் எடுத்தவர்கள். தம்பியின் பெயரில் இங்கே ஒரு பூங்காவே இருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது அப்பா அந்த வழியாக அழைத்துப்போய், "இவரு கோர்ட்டுல எழுந்து நின்னா எதிராளி எச்சி முழுங்குவான்" என்பார். வாயின் பலம் என்றுதான் அப்போது புரிந்துகொண்டேன். எதிராளி சொன்னதில் எது வாக்குறுதி, எது வேலி என்று கேட்டுப் பிரிக்கும் காதின் பலமும் அதில் இருந்திருக்கும் என்று இப்போது எண்ணிக்கொள்கிறேன்.

மகள் பரீட்சை எழுதக் கோலாலம்பூருக்குப் போனாள். நானும் கூடப் போனேன். இரண்டேகால் மணி நேரம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவளிடம், "எப்படி?" என்றேன். "மழை, புகை, காக்கா எல்லாம் வந்திச்சும்மா. வேற சட்டை போட்டுக்கிட்டு வந்திச்சு. அடையாளம் கண்டுக்கிட்டேன்" என்றாள். இடம் கிடைக்குமா, உபகாரச் சம்பளம் கிடைக்குமா என்பது இதை எழுதும்போது எங்களுக்குத் தெரியாது. நன்றாக எழுதினாள் என்பதற்காக இடம் நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பிழையை இனி இந்த வீட்டில் யாரும் செய்வதாக இல்லை!

ஆனால் நான் என் பங்குக்கு ஒன்று செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம் கொண்டு வருகிறார்கள். வங்கிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், தவணைக்கடன் தாள், இன்சூரன்ஸ் தாள். மகள் எழுதிக் கொடுத்த நான்கு கேள்விகளைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். உங்களுக்கும் பயன்படும்.

ஒன்று: இதில் இருப்பது 'எல்லாருக்கும்' என்பதா, 'இவர்களுக்கு மட்டும்' என்பதா?

இரண்டு: 'கிடைக்கும்' என்று இருக்கிறதா, 'மனுச் செய்யலாம்', 'பரிசீலிக்கப்படும்' என்று இருக்கிறதா?

மூன்று: இது நடந்தால் அது நடக்கும் என்கிறார்களே, இது நடக்காவிட்டால் என்ன என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

நான்கு: நாம் மனத்துக்குள் சேர்த்துக்கொண்டு படிக்கிற, ஆனால் தாளில் இல்லாத சொல் எது?

நாலாவது கேள்விதான் என்னைப் போன்றவர்களுக்கு. ஆசை நமக்குப் பதிலாக வாசித்துவிடும். வீடு வேண்டும் என்று ஏங்குகிறவள் கண்ணுக்கு, தாளில் இல்லாத வீடும் தெரியும். விளங்காவிட்டால் வெட்கப்படாமல், விளங்கவில்லை என்று சொல்லுங்கள். கையெழுத்துப் போடுமுன் சட்ட உதவி மையத்திலோ, வழக்கறிஞரிடமோ, தொழிற்சங்கத்திலோ ஒருமுறை காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டில் மூலையில் உட்கார்ந்து, "அப்படின்னு எழுதியிருக்கா? இல்ல, இப்படின்னு எழுதியிருக்கா?" என்று கேட்கிற ஒரு தாத்தாவோ ஆயாவோ இருக்கலாம். எழுத்துத் தெரியாதவர்தானே என்று சிரித்துவிடாதீர்கள். எழுத்து வேறு, புத்தி வேறு. உங்கள் பிள்ளை படித்த பிள்ளையாக இருந்தால், அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லப் பழக்குங்கள்.

அந்தக் கங்காணித் தாத்தா இப்போது இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க வழியும் இல்லை. ஆகவே உங்களிடம் சொல்லிவிட்டேன். இரண்டும் ஒன்று இல்லை தாத்தா. நீங்கள் கேட்டதுதான் சரி.